செவிலிக்குக் கூற்று உண்டு

மனநல மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நோயாளி அடித்துவிட்டால் அவளிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "நீ என்ன பண்ணே?" என்பதுதான். மருந்து கொடுக்கும்போது அதட்டினாயா, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாயா, தனியாகக் கட்டில் பக்கம் போனாயா, காதில் தோடு போட்டிருந்தாயா என்று விசாரணை நீளும். முடிந்ததும் அறிவுரை வரும்: "அவர் பேஷண்ட்மா. தெரிஞ்சா செய்றார்? நாமதான் பொறுத்துப் போகணும்."

இந்தப் பேச்சு நமக்குப் பழக்கமானது. புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்து நின்ற எந்தப் பெண்ணும் இதைக் கேட்டிருப்பாள். குடித்திருந்தார், வேலை போன வேதனையில் இருந்தார், நேரம் சரியில்லை. அடித்தவனுக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும். அடி வாங்கியவளுக்கு எப்போதும் ஒரு கடமை இருக்கும். ஆனால் மனநல வார்டில் கைநீட்டுபவருக்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் உண்மையானது. தன்னைக் கொல்ல வந்திருக்கிறார்கள் என்று அவருக்கு ஒரு குரல் சொல்லியிருக்கலாம். எதிரில் நிற்பவள் யாரென்றே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். அவரைக் கம்பிக்குப் பின்னால் தள்ளு என்று நான் கேட்கப்போவதில்லை. அவர் மீது குற்றமில்லை என்பதிலிருந்து யார் மீதும் பொறுப்பில்லை என்ற இடத்துக்கு நிர்வாகம் ஒரே தாவாகத் தாவுகிறதே, அந்தத் தாவலைப் பற்றித்தான் என் பேச்சு.

சட்டத்தில் இருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் 2008-இல் ஒரு சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளர்கள் மீதும் மருத்துவ நிறுவனங்கள் மீதும் வன்முறை செய்பவர்களுக்கு மூன்று ஆண்டுக்குக் குறையாமல் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது அது. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். கேட்க உறுதியாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனத்தில் இருந்த ஆள் யார் என்று பாருங்கள். நோயாளி இறந்துவிட்டதும் கும்பலாக வந்து கண்ணாடியை உடைக்கும் உறவினர். அவருடன் வந்த கட்சிக்காரர். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். அந்த மாதிரி சம்பவத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தும். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கட்டிலில் இருந்து எழுந்து வந்து நர்ஸின் கழுத்தைப் பிடிக்கும் நோயாளி இந்தச் சட்டத்தின் கற்பனையில் இல்லவே இல்லை.

அவரைப் பற்றி வேறொரு சட்டம் பேசுகிறது. 1860-இல் எழுதப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவு. தான் செய்வது என்னவென்றோ அது தவறென்றோ சட்டவிரோதமென்றோ அறிய முடியாத சித்தநிலையில் ஒருவர் செய்த செயல் குற்றமாகாது என்பது அதன் சாரம். நியாயமான பிரிவு. அதை யாராவது எடுத்துவிடப் பார்த்தால் எதிர்த்து நிற்கும் வரிசையில் நானும் நிற்பேன்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பை நீதிமன்றத்தில் நிறுவ வேண்டிய சுமை குற்றம் சாட்டப்பட்டவருடையது. சாட்சியமும் மருத்துவ ஆவணமும் வைத்து மாதக்கணக்கில் வாதாட வேண்டிய விஷயம் அது. நமது மருத்துவமனைகளில் இந்தத் தீர்ப்பை வார்டு வராந்தாவில் வைத்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள். நோயாளிக்காகவா சொல்கிறார்கள்? புகார் வெளியே போகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் 3-ஆம் பிரிவிலேயே தெளிவாகச் சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருப்பதை மட்டும் வைத்து அவர் சித்த சுவாதீனமற்றவர் என்று கொள்ளக் கூடாது, தகுதியுள்ள நீதிமன்றம் அப்படி அறிவித்தால் ஒழிய. அப்படியென்றால் வார்டில் இருக்கும் எல்லோரையும் 'தெரியாமல் செய்தவர்' கணக்கில் சேர்ப்பது நர்ஸுக்கு மட்டுமல்ல, நோயாளிக்கும் அவமானம். வார்டில் இருக்கும் ஆண்களில் சிலர் என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரிந்தே பெண் ஊழியர்களின் உடம்பில் கைவைக்கிறார்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கட்டுப்படும் கை, ஆயா தரையைத் துடைக்கக் குனியும்போது மட்டும் கட்டுப்படாமல் போவதை நோயின் கணக்கில் எழுத முடியுமா?

இங்கே தமிழாசிரியையாக ஒரு வார்த்தையைப் பற்றிப் பேச அனுமதியுங்கள். நர்ஸுக்கு நாம் வைத்த தமிழ்ப் பெயர் செவிலியர். பழைய அகப்பாடல்களில் வரும் செவிலித்தாயிடமிருந்து எடுத்த சொல். தலைவியைப் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவி தலைவனோடு போய்விட்டால் பாலை வழியில் காலடித் தடம் பார்த்துத் தேடிப் போகிறவளும் அவள்தான். அவளுக்குப் பெயர் கிடையாது, கூலி கிடையாது, அவள் வீடு எது என்ற பேச்சு கிடையாது. அழகான கலைச்சொல் என்று நாம் மெச்சிக்கொண்ட இந்தப் பெயர், சம்பளம் வாங்கும் ஓர் ஊழியரை ஒரே அடியில் தாயாக்கிவிட்டது. தாய் பிள்ளை மேல் புகார் கொடுப்பாளா? தாய்க்கு எட்டு மணி நேர வேலை உண்டா? பிள்ளை உதைத்ததற்கு நஷ்டஈடு கேட்கும் தாயை ஊர் என்ன சொல்லும்? ஆங்கிலத்தில் 'சிஸ்டர்' என்று கூப்பிட்டு உடன்பிறந்தவளாக்கினார்கள். நாம் ஒரு படி மேலே போனோம். கடைநிலைப் பணி செய்யும் பெண்ணுக்கு வைத்த பெயர் ஆயா. அதுவும் தாய்தான். ஆண் ஊழியரும் அடி வாங்குகிறார். அவரிடம், "ஆம்பளைதானே, தாங்கிக்க மாட்டியா?" என்கிறார்கள். உறவுமுறையும் ஆண்மையும் ஒரே வேலையைச் செய்கின்றன: காயத்தைக் கணக்கில் இருந்து எடுத்துவிடுகின்றன.

என் சித்திக்கு மனச்சிதைவு நோய். நோய் முற்றியிருந்த ஒரு சமயத்தில், தலை வாரிவிட வந்த நர்ஸின் கையைக் கடித்துவிட்டார். சதை பிய்ந்துவிட்டது. மறுநாள் அதே நர்ஸ் கையில் கட்டோடு வந்து, விட்ட இடத்தில் இருந்து பின்னிவிட்டுப் போனாராம். எங்கள் வீட்டில் இந்தக் கதையை இன்றும் சொல்வார்கள். "பெத்தவகூட அப்படிச் செய்ய மாட்டா" என்று பாட்டி முடிப்பார். எல்லோருக்கும் கண் கலங்கும். எனக்கும் கலங்கும். ஆனால் அந்தக் கதையில் சில விவரங்கள் கிடையாது. டி.டி. ஊசியும் ஆன்டிபயாடிக்கும் யார் காசில் வாங்கப்பட்டன என்பது இல்லை. கடி வாங்கிய மறுநாள் ஒருத்தி ஏன் டூட்டிக்கு வர வேண்டியிருந்தது என்பது இல்லை. பாசத்தால் வந்தாரா, லீவு போட்டால் சம்பளம் பிடித்துவிடுவார்கள் என்பதால் வந்தாரா? இரண்டுமாக இருக்கலாம். அவர் பெயரும் கதையில் இல்லை.

அந்தக் கதையை வைத்துக்கொண்டு நிர்வாகங்கள் நடத்தும் வியாபாரத்தைப் பற்றி இன்னொரு சம்பவம் சொல்ல வேண்டும். என் பழைய மாணவி ஒருத்தியின் அக்கா ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் நர்ஸ். இரவு டூட்டியில், புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த ஒரு பையன் நாற்காலியால் அடித்ததில் தாடை எலும்பில் விரிசல். மறுநாள் ரிஜிஸ்டரில், 'பணியின்போது வழுக்கி விழுந்ததில் காயம்' என்று எழுதப்பட்டிருந்தது. தாக்குதல் என்று எழுதினால் இன்ஸ்பெக்ஷனில் கேள்வி வருமாம். நகல் கேட்டதற்கு, ரிஜிஸ்டர் ஆஸ்பத்திரி சொத்து என்று பதில். தமிழில் ஒரு கடிதம் எழுதித் தரும்படி என்னிடம் வந்தார். 'தாக்கப்பட்டேன்' என்று போடுவதா, 'காயமடைந்தேன்' என்று போடுவதா என்று அரை மணி நேரம் பேசினோம். தாக்கப்பட்டேன் என்றால் யாரால் என்ற கேள்வி வரும். அந்தப் பையனுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். "பத்தொன்பது வயசுப் பையன் மேடம். நல்லானதும் வந்து கையைப் பிடிச்சிட்டு அழுதான். எனக்கு அவன் மேல ஒண்ணுமில்ல. ஆனா நான் வழுக்கி விழல மேடம்."

சட்டம் எழுதும் யாரும் இந்தப் பெண்ணின் கோரிக்கையைப் புரிந்துகொண்டதாக எனக்குத் தெரியவில்லை. அவர் தண்டனை கேட்கவில்லை. நடந்தது நடந்தபடி எழுதப்பட வேண்டும், மருத்துவச் செலவை வேலை கொடுத்தவர் ஏற்க வேண்டும், ஒன்பது மணி நேரம் முப்பத்து எட்டு பேரைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வைத்தவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்டது இவ்வளவுதான். நமது அரசுகளோ பெண் ஊழியர் பாதுகாப்பு என்றதும் சிறைத் தண்டனையைக் கூட்டுவார்கள். 2023 மே 10 அன்று கேரளத்தின் கொட்டாரக்கரை தாலுகா மருத்துவமனையில், போலீசார் சிகிச்சைக்காக அழைத்து வந்த ஒருவர் பயிற்சி மருத்துவர் வந்தனா தாஸைக் குத்திக் கொன்றார். அந்த மாதமே தண்டனையை உயர்த்தி அவசரச் சட்டம் வந்தது. வர வேண்டியதுதான். ஆனால் ஏழு ஆண்டா ஐந்து ஆண்டா என்று கணக்குப் பார்க்கும் நிலையில் இல்லாத ஒருவரை இந்த எண் எப்படித் தடுக்கும்? தண்டனையின் பயம் வேலை செய்ய வேண்டுமானால் பயப்படும் நிலையில் ஒரு மனம் இருக்க வேண்டும். மனநல வார்டில் தண்டனைச் சட்டம் என்பது மழையைப் பிடித்து ஸ்டேஷனில் வைப்பது மாதிரி.

இந்த இடத்தில் எதிர்ப்பு எந்தத் திசையில் இருந்து வரும் என்று எனக்குத் தெரியும். என் தோழிகளிடம் இருந்தே வரும். மனநோய் உள்ளவர்கள் ஆபத்தானவர்கள் என்ற பொய்யை உடைக்க எத்தனை ஆண்டுகள் பாடுபட்டிருக்கிறோம், நீ போய் நோயாளி அடித்த கதை எழுதுகிறாயே என்பார்கள். 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்று சொல்லிச் சிரிக்கும் ஊரில், காமெடி சீனில் வெள்ளை உடுப்பு மாட்டிவிட்டுப் பைத்தியம் என்று காட்டும் சினிமா உள்ள ஊரில், இது யார் கைக்கு ஆயுதம் என்று கேட்பார்கள். ஏர்வாடியை நினைவூட்டுவார்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் எரிந்து செத்தார்கள். அந்தச் சங்கிலியைப் போட்டவர்களும் 'பாதுகாப்புக்காக' என்றுதான் சொன்னார்கள். மனநல விடுதிகளில் பெண்கள் படும் கொடுமை பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2014-இல் வெளியிட்ட அறிக்கையில், ஊழியர்களால் அடிக்கப்பட்டவர்களின் சாட்சியங்கள் இருக்கின்றன.

இதில் ஒன்றையும் மறுக்க மாட்டேன். மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தொட மாட்டார்கள். அடிப்பதைவிட அடிபடுவதே அவர்களுக்கு அதிகம். ஆனால் வார்டு என்பது தெரு அல்ல. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத அளவுக்கு நோய் ஏறிய நேரத்தில், பலர் தம் விருப்பத்துக்கு மாறாகக் கொண்டுவரப்படும் இடம் அது. அங்கே சில நாட்களில் சிலர் கைநீட்டுவார்கள் என்பது அந்த வேலையைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்த ஆபத்தைப் பேசாமல் வைத்திருந்தால் அது தீர்ந்துவிடாது. பாதுகாப்பில்லாத ஊழியர் தானே ஒரு பாதுகாப்பைத் தேடிக்கொள்வார். கட்டிப்போடுவது, ஊசியைக் கூட்டிப் போடச் சொல்வது, எல்லாவற்றுக்கும் மேலாக, தான் முதலில் அடிப்பது. பயந்த ஊழியர் இருக்கும் வார்டில் நோயாளிக்கு என்ன உரிமை மிஞ்சும்? நர்ஸின் பாதுகாப்பையும் நோயாளியின் உரிமையையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துப் பேசுவது நிர்வாகத்துக்கு வசதி. தராசைப் பிடித்திருக்கும் கையை அப்போது யாரும் பார்ப்பதில்லை.

அந்தக் கையைப் பார்க்க மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 97-ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். நோயாளியைத் தனியறையில் அடைக்கக் கூடாது என்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவையான நேரத்துக்கு மேல் போகாமல் உடல் கட்டுப்பாடு செய்யலாம். தண்டனையாகச் செய்யக் கூடாது. ஊழியர் பற்றாக்குறையை மட்டும் காரணம் காட்டியும் செய்யக் கூடாது. இந்தக் கடைசி விதி எனக்கு மிகவும் பிடித்தது. ஏர்வாடிக்கு நாடாளுமன்றம் சொன்ன பதில் என்று அதை நான் வாசிக்கிறேன். ஆனால் ஆள் இல்லை என்று கட்டக் கூடாது என்று சொன்ன சட்டம், ஆள் எத்தனை பேர் வேண்டும் என்று தன் பிரிவுகளில் ஓர் எண்ணைச் சொல்லவில்லை. கட்டவும் கூடாது, ஆளும் கிடையாது என்றால் நடுவில் நிற்பது என்ன? ஒரு பெண்ணின் உடம்புதான். சட்டம் அவிழ்க்கச் சொன்ன கயிற்றுக்குப் பதிலாக அரசு அவளைக் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

அதே சட்டத்தின் 31-ஆம் பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. மக்கள்தொகைக்கு ஏற்றபடி மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையைச் சர்வதேச அளவில் ஏற்கப்பட்ட வழிகாட்டுதலுக்கு உயர்த்த, சட்டம் அமலுக்கு வந்ததில் இருந்து பத்து ஆண்டுக்குள் அரசு முயற்சி எடுக்க வேண்டும். சட்டம் அமலுக்கு வந்தது 2018 மே 29. கெடு 2028 மே மாதம். இந்தத் தேதியை எந்தச் சட்டமன்றத்திலாவது யாராவது கேட்டால் அவருக்கு நான் நூறு கவிதை எழுதித் தரத் தயார்.

கெடு நெருங்குகிற வேளையில் தமிழ்நாட்டில் நர்ஸ்களை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்பதையும் பார்க்கலாம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் ஆயிரக்கணக்கான நர்ஸ்களைத் தேர்வு வைத்து எடுத்தது. மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி. வாக்குறுதியைக் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தது நினைவிருக்கும். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருக்கும் பெண், ரிஜிஸ்டரில் 'வழுக்கி விழுந்து' என்று எழுதியிருப்பதை எதிர்த்து எழுதுவாளா? துப்புரவும் காவலும் வெளி நிறுவனங்களுக்குக் குத்தகைக்குப் போய்விட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம். அடிபட்ட துப்புரவுப் பெண்ணை மருத்துவமனை கான்ட்ராக்டரிடம் கேள் என்னும். கான்ட்ராக்டர் மருத்துவமனையைக் கேள் என்பார். இரண்டு வாசலுக்கும் நடந்து அவள் காயம் ஆறிவிடும்.

இடையில் ஒரு வார்த்தை. மதுவை நிறுத்திய இரண்டு மூன்று நாளில் சிலருக்கு வரும் சித்தக்குழப்பம் வார்டில் மிக ஆபத்தான நிலைகளில் ஒன்று. நோயாளிக்கு உயிராபத்து, பக்கத்தில் நிற்பவருக்கு உடலாபத்து. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். அந்த நோயாளியை அரசு மருத்துவமனையில் பிடித்து நிற்கும் நர்ஸுக்குச் சம்பளம் கொடுப்பதும் அரசு. விற்ற கையும் கூலி கொடுக்கும் கையும் ஒன்றாக இருக்கும்போது காயத்துக்கு மட்டும் கை இல்லாமல் போவது எப்படி?

பாலியல் தாக்குதலைப் பற்றி மருத்துவமனைகள் பேசவே பேசாது. 2013-இன் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் மருத்துவமனையைப் பணியிடம் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அதன் 19-ஆம் பிரிவு, பணியிடத்தில் தொடர்புக்கு வரும் நபர்களிடம் இருந்தும் பாதுகாப்பான சூழலைத் தருவது வேலை கொடுப்பவரின் கடமை என்கிறது. 1997 விசாகா தீர்ப்பிலேயே வெளியாட்களால் நேரும் துன்புறுத்தலுக்கு நிர்வாகம் துணை நிற்க வேண்டும் என்று இருந்தது. நோயாளி அந்தத் 'தொடர்புக்கு வரும் நபர்' இல்லையா? உள் புகார்க் குழுவிடம் போனால், "பேஷண்ட்டை எப்படிம்மா விசாரிக்கிறது?" என்று திருப்பி அனுப்புகிறார்கள். நோயாளியை விசாரிக்க வேண்டாம். அந்த வார்டில் அந்த ஷிப்டில் ஏன் ஒரு பெண் தனியாக இருந்தாள் என்று நிர்வாகத்தை விசாரிக்கலாமே. கடமை எழுதப்பட்டிருப்பது நிர்வாகத்தின் பெயரில்தான்.

வெளிநாட்டு உதாரணம் காட்டினால் நம் ஊருக்கு ஒத்துவராது என்பார்கள். இருந்தாலும் இரண்டைச் சொல்கிறேன். பிரிட்டனில் 2018 இலையுதிர் காலத்தில், சில வார இடைவெளியில் இரண்டு சட்டங்கள் ஒப்புதல் பெற்றன. ஒன்று, மருத்துவமனை ஊழியர் உள்ளிட்ட அவசரப் பணியாளர்களைத் தாக்கினால் தண்டனையைக் கூட்டுவது. மற்றொன்றை மக்கள் 'செனியின் சட்டம்' என்று அழைக்கிறார்கள். ஒலசெனி லூயிஸ் என்ற கறுப்பின இளைஞர் 2010-இல் லண்டன் மனநல மருத்துவமனை ஒன்றில் பதினொரு போலீஸ்காரர்களால் அமுக்கிப் பிடிக்கப்பட்டு இறந்தார். அவருடைய பெற்றோர் போராடிப் பெற்ற சட்டம் அது. மனநலப் பிரிவுகளில் நோயாளி மீது பலம் பிரயோகிக்கப்படும் ஒவ்வொரு முறையும் பதிவாக வேண்டும், ஊழியருக்குப் பயிற்சி கட்டாயம், பொறுப்பாளர் ஒருவர் பெயர் சொல்லி நியமிக்கப்பட வேண்டும் என்கிறது. இரண்டில் எது நர்ஸைக் காப்பாற்றும் என்று கேட்டால் இரண்டாவது என்றுதான் சொல்வேன். அது நோயாளிக்காக எழுதப்பட்டது. ஆனால் பயிற்சி பெற்றவராக, எழுதி வைப்பவராக, தனியாக விடப்படாதவராக ஊழியரையும் மாற்றுகிறது.

கலிபோர்னியாவில் 2010 அக்டோபரில் நாபா அரசு மருத்துவமனையில் டோனா கிராஸ் என்ற மனநல ஊழியரை நோயாளி ஒருவர் கொன்றார். அதன்பின் ஊழியர் சங்கங்கள் விடாமல் கேட்டதில், 2014-இல் சட்டமும் 2017-இல் விதிகளும் வந்தன. மருத்துவமனை நிர்வாகம் ஒவ்வொரு பிரிவுக்கும் வன்முறைத் தடுப்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும், அதைத் தயாரிக்கும்போது ஊழியர்களைக் கலக்க வேண்டும், ஒவ்வொரு சம்பவத்தையும் பதிய வேண்டும், பழிவாங்கக் கூடாது. கட்டளை நோயாளிக்கு அல்ல, முதலாளிக்கு.

நம்மிடம் இதற்கான கருத்து இல்லாமல் இல்லை. 1923-இலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தாயிற்று. இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயிருக்கிறது. வேலையில் இருந்து எழுந்த விபத்தால் வேலையின் போக்கில் காயம்பட்டால், யார் தப்பு என்று பார்க்காமல் வேலை கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்பது அதன் அடித்தளம். மில்லில் பல்சக்கரம் கையை இழுத்துக்கொண்டால் சக்கரத்தின் உள்நோக்கத்தை யாரும் விசாரிப்பதில்லை. நோயாளியைச் சக்கரத்தோடு ஒப்பிடுவதாக நினைக்க வேண்டாம். அவரை ஒப்பிடாமல் விட்டுவிடவே இந்த வழி. குற்றம் யாருடையது என்ற கேள்வியை எடுத்துவிட்டால், நர்ஸ் பையனைக் காட்டிக்கொடுக்காமலே தன் தாடைக்கு நியாயம் பெறலாம். கோயம்புத்தூர் மில்காரருக்குப் புரிந்த இந்தக் கணக்கு சுகாதாரத் துறைக்குப் புரியாமல் இருக்க முடியாது. மில்காரருக்குத் தொழிற்சங்கம் புரியவைத்தது. நர்ஸ் சங்கங்களும் மனநோயை அனுபவித்தவர்களின் அமைப்புகளும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடும் நாள் வந்தால் துறைக்கும் புரியும். இருவரும் எதிரெதிர் என்று இத்தனை நாள் நம்பவைத்ததில்தான் துறையின் சாமர்த்தியம்.

அந்த மனுவில் என்ன இருக்க வேண்டும்? நிரந்தரம், ஒப்பந்தம், குத்தகை என்ற பேதம் இல்லாமல், வார்டில் காயம்பட்ட எவருக்கும் குற்றம் பார்க்காத இழப்பீடு. குணமாகும் வரை சம்பளத்தோடு விடுப்பு. அதே வார்டுக்குத் திரும்ப மறுக்கும் உரிமை. தெரிந்தே தாக்கியவர் மேல் புகார் கொடுக்க விரும்பினால் நிர்வாகம் குறுக்கே நிற்கக் கூடாது. இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்பதும் ஒரு கேள்வி. மனநலச் சட்டத்தின்கீழ் மறுஆய்வு வாரியங்கள் இருக்கின்றன. மாவட்ட நீதிபதி, ஆட்சியரின் பிரதிநிதி, இரண்டு மருத்துவர்கள், நோயை அனுபவித்தவர்கள் அல்லது பராமரிப்பவர்கள் அல்லது அவர்களின் அமைப்புகள் சார்பாக இரண்டு பேர். நோயாளி அங்கே முறையிடலாம். அது பெரிய சாதனை. அந்த ஆறு நாற்காலிகளில் நர்ஸுக்கென்று ஒன்று இல்லை.

களவிலும் கற்பிலும் யார் யாருக்குப் பேச இடம் உண்டு என்று பட்டியல் போட்ட தொல்காப்பியர் செவிலியை விடவில்லை. இன்னின்ன சூழலில் செவிலிக்குக் கூற்று உண்டு என்று நூற்பா எழுதினார். மகளின் மேனி வேறுபட்டால் அவள் பேசலாம். மகள் போய்விட்டால் பேசலாம். அவள் மேனியே வேறுபட்டால் என்ன செய்வது என்று அவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவர்கள் 2017-இல் டெல்லியில் இருந்தார்கள்.

நான் கேட்கும் திருத்தம் ஒன்று மிகச் சிறியது, நாளைக்கே செய்யலாம். 97-ஆம் பிரிவின்படி, நோயாளி மீது கட்டுப்பாடு பிரயோகித்த ஒவ்வொரு நிகழ்வும் மாதாமாதம் மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கையாகப் போக வேண்டும். அதே தாளில் ஊழியர் தாக்கப்பட்ட நிகழ்வுகளும் போகட்டும். பல நேரம் இரண்டும் ஒரே இரவின் ஒரே பத்து நிமிடம்தான். நோயாளியின் பெயர் வேண்டாம். ஊழியர் தன் வார்த்தையில் சொன்னதும், அதன் நகல் அவர் கையில் கொடுக்கப்பட்டதற்கான கையொப்பமும் போதும். கூடவே இரண்டு எண்கள்: அந்த ஷிப்டில் எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள். கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் வார்டு நர்ஸ் அல்ல, மருத்துவமனைக் கண்காணிப்பாளர்.